கோட்டின் மேல் ஓர் எண்

கணிப்பொறி வலைகளைப் பற்றிய பாடநூல் ஏதேனும் ஒன்றை எடுத்து, வழித்தேர்வு பற்றிய அத்தியாயத்தைப் பிரித்துப் பாருங்கள். அங்கே ஒரு படம் இருக்கும். ஆறேழு வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் மேலும் 2, 5, 3 என்று ஓர் எண். வட்டங்கள் வலையின் கணுக்கள். கோடுகள் அவற்றிடையே உள்ள தடங்கள். எண் என்பது அத்தடத்தில் செல்வதற்கான 'செலவு'. ஒரு கணுவிலிருந்து மற்றொன்றுக்கு மிகக் குறைந்த செலவில் செல்லும் வழி யாது என்பது கேள்வி. டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட படிமுறையைக் கொண்டு மாணவர் விடை கண்டுவிடுவார். மதிப்பெண்ணும் முழுமையாகக் கிடைக்கும்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? இதை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான நூல்கள் ஓரிரு வரிகளில் இதைக் கடந்துவிடுகின்றன. பொதுமக்களுக்கான அறிவியல் கட்டுரைகளோ இன்னும் ஒரு படி மேலே போய், இணையத்தில் செல்லும் ஒவ்வொரு செய்திப் பொட்டலமும் நெரிசல் இல்லாத பாதையைத் தானே தேடிக்கொள்கிறது என்று எழுதுகின்றன. நானும் சில ஆண்டுகள் வகுப்பில் அப்படிச் சொன்னவன்தான். கேட்க இனிமையான அந்தக் கூற்று உண்மை அன்று. அதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் வரலாறு ஒன்று உண்டு. பாடநூல்கள் விட்டுவிட்ட அந்தப் பாதியைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1969-இல் அமெரிக்காவில் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கப்பட்டது அர்பாநெட். இன்றைய இணையத்தின் மூத்த தலைமுறை அது. செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, முகவரியிட்டு, கணுவுக்குக் கணு கைமாற்றி அனுப்புவது அதன் முறை. ஒரு தடத்தின் வாயிலில் அந்தக் கணத்தில் எத்தனை பொட்டலங்கள் வரிசையில் நிற்கின்றனவோ அந்த எண்ணிக்கையோடு ஒரு மாறிலியைக் கூட்டி, அதையே தடத்தின் செலவாகக் கொண்டார்கள். இது மோசமான அளவை. வரிசையின் நீளம் கணத்துக்குக் கணம் மாறும். தடம் வேகமானதா, மெதுவானதா என்பதையும் அது சொல்லாது. பத்துப் பேர் நிற்கும் வேகமான கவுண்டர், மூவர் நிற்கும் மந்தமான கவுண்டரைவிட நல்லதாக இருக்கலாம் அல்லவா?

1979-இல் முறை மாற்றப்பட்டது. மெக்குவிலன், ரிச்சர், ரோசன் ஆகிய மூவரும் அதை விளக்கி 1980-இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது. பொட்டலம் கணுவுக்குள் வந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். தடத்தில் பயணம் செய்ய ஆகும் நேரத்தையும் அதோடு சேர்ப்பார்கள். இப்படிப் பத்து நொடிகளுக்குக் கிடைக்கும் தாமதங்களின் சராசரியே தடத்தின் செலவு. மாற்றம் போதிய அளவு இருந்தால் அது வலை முழுவதற்கும் அறிவிக்கப்படும். ஒவ்வொரு கணுவும் முழு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு டைக்ஸ்ட்ராவின் வழியில் கணக்கிடும். ஊகம் இல்லை, நேரடி அளவீடு. இயற்பியல் படித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆயினும் இம்முறை சறுக்கியது. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் காண்போம்.

இரண்டு நகர்களுக்கிடையே அ, ஆ என இரண்டே தடங்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு 50 பொட்டலங்களைக் கடத்தும். வருவதோ நொடிக்கு 60. இரண்டும் சேர்ந்தால் 100 கடத்தலாம் என்பதால் கவலைக்கு இடமே இல்லை. முதல் பத்து நொடிகளில் எல்லாம் அ வழியே செல்கின்றன என்று கொள்வோம். 600 வந்து, 500 வெளியேறி, 100 நின்றுவிடும். கடைசியில் நிற்கும் பொட்டலத்துக்கு 2 நொடி காத்திருப்பு. நெரிசல் இல்லாதபோது ஒரு பொட்டலத்தை அனுப்ப 0.02 நொடிதான், இப்போது அதைப்போல் நூறு மடங்கு! அளவீடு இதை உண்மையாகவே அறிவிக்கிறது: அ மோசம், ஆ காலி. உடனே எல்லாக் கணுக்களும் ஆவுக்குத் தாவுகின்றன. அடுத்த பத்து நொடிகளில் அங்கே 100 நின்றுவிடும். அ தன்னிடமுள்ளதை இரண்டே நொடிகளில் அனுப்பிவிட்டு, மீதி எட்டு நொடி சும்மா கிடக்கும். பிறகு மறுபடியும் அ. ஊசலைப் போல இது ஓயாது ஆடும். பாதிப் பாதியாகப் பிரிந்து சென்றிருந்தால் வரிசையே இராது.

இங்கே அளவீடு பொய் சொல்லவில்லை. டைக்ஸ்ட்ராவின் கணக்கும் தவறவில்லை. 'கடந்த பத்து நொடிகளில் தாமதம் இவ்வளவு' என்ற செய்தியை, 'நாம் எல்லோரும் அங்கே போன பிறகும் தாமதம் இவ்வளவே' என்று படித்ததுதான் பிழை. வலையில் சுமை குறைவாக இருந்தபோது இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எனவே முறை நன்றாக நடந்தது. சுமை ஏறியபோது இரண்டும் பிரிந்தன. எப்போது அதிகம் தேவையோ அப்போது கைவிட்ட முறை அது.

எண்களின் வீச்சும் அளவு கடந்திருந்தது. நெரிசல் மிகுந்த 9.6 கிலோபிட் தடம் ஒன்று, காலியான 56 கிலோபிட் தடத்தைவிட 127 மடங்கு செலவுள்ளதாகத் தோன்றக்கூடும். அதாவது, ஒரே தாவலில் போய்ச் சேரவேண்டிய பொட்டலம், அதைத் தவிர்ப்பதற்காக 126 வேகத் தடங்களைச் சுற்றி வரவும் அந்தக் கணக்கு இசையும்.

1987-இல் இதைத் திருத்தியவர்கள் கன்னா, சிங்கி என்னும் இருவர். அவர்களது கட்டுரை 1989-இல் வெளிவந்தது. அவர்கள் டைக்ஸ்ட்ராவைத் தொடவே இல்லை. கோட்டின் மேலுள்ள எண்ணை மட்டும் மாற்றினார்கள். சுமை குறைவாக உள்ளவரை தடத்தின் எண் அசையாது. எவ்வளவு நெரிசல் ஆனாலும், ஒரு தடத்தின் எண் அது காலியாக இருக்கும்போது உள்ளதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டாது. வலையிலேயே மிக மலிவான தடத்துக்கும் மிக விலையுயர்ந்ததற்கும் இடையே ஏழு மடங்குக்கு மேல் வேறுபாடு கிடையாது. ஓர் அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எண் சிறிதளவுதான் மாறலாம். இதன் பயனாக, நெரிசலான தடத்தை விட்டு எல்லோரும் ஒருசேர ஓடுவது நின்றது. மாற்று வழி அருகே உள்ளவை மட்டும் முதலில் விலகும். நெடுந்தொலைவு சுற்றவேண்டியவை அங்கேயே தங்கும்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. மூன்று, ஏழு என்னும் வரம்புகள் ஏதோ ஒரு விதியிலிருந்து பிறந்தவை அல்ல. அந்த வலைக்கென்று பொருத்தப்பட்டவை. வேறு வலைக்கு அவற்றை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. மேலும், பொது நன்மைக்காகச் சில பொட்டலங்கள் நெரிசலிலேயே விடப்படுகின்றன. கட்டுரையாசிரியர்கள் இதை மறைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் மிகச் சிறந்த வழி தரப் பார்க்காமல், சராசரியாக எல்லோருக்கும் நல்ல வழி தருவதே சுமை மிகுந்த வேளையில் நோக்கமாக வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறினார்கள். படிமுறை என்றால் சார்பற்ற வெறுங்கணக்கு என்று எண்ணும் மாணவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

நிற்க. வழியை மாற்றுவதால் மட்டும் தீராத நெரிசலும் உண்டு. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த போக்குவரத்து 40 பிட்டாகச் சரிந்தது. போய்ச் சேரவில்லை என்று எண்ணி, அனுப்பியவர்களே மீண்டும் மீண்டும் அனுப்பியதால் வந்த வினை. வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வு, அனுப்பும் கணிப்பொறி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது. அன்றுமுதல் நெரிசலைத் தணிக்கும் பெரும்பொறுப்பு இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளிடம் வந்துவிட்டது.

இடையிலுள்ள ரூட்டர்களின் எண்களைப் பெரும்பாலும் வலையை நிர்வகிப்பவர்களே முன்கூட்டிக் குறித்துவிடுகிறார்கள். நெரிசலுக்கேற்ப அவை நொடிக்கு நொடி மாறுவதில்லை. அந்த எண்களைக் குறிப்பதாவது எளிதா? ஃபோர்ட்ஸ், தோரப் ஆகிய இருவர் 2000-இல் இதை ஆராய்ந்து, எதிர்பார்க்கும் போக்குவரத்துக்கு மிகப் பொருத்தமான எண்களைக் கண்டறிவது கணிதத்தில் மிகக் கடினமான கணக்குகளின் இனத்தைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். தேடித் தேடித் திருத்தும் ஒரு முறையால், ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் முதுகெலும்பு வலையில், இயன்ற சிறப்புக்குச் சில விழுக்காடு அருகே வரமுடிந்தது. குறுகிய வழி காண்பதை ஒரு மாணவர் தாளில் அரை மணியில் போட்டுவிடலாம். கோட்டின் மேல் எழுதும் எண்ணோ ஆய்வாளர்களையே திணறடிக்கிறது. நம் பாடத்தில் முன்னதற்கு ஒரு முழு அத்தியாயம். பின்னதற்கு இரண்டு வரி.

எல்லா நூல்களையும் ஒரே கூடையில் போடவில்லை. பீட்டர்சன், டேவி இருவரும் எழுதிய வலைப் பாடநூல், அர்பாநெட்டின் மூன்று அளவைகளையும் வரிசையாக வைத்து அலசுகிறது. தேர்வில் வராது என்று அந்தச் சில பக்கங்களைத் தாண்டிச் செல்லும் ஆசிரிய நண்பர்கள், அடுத்த ஆண்டு மேலே தந்த அ, ஆ தடக் கணக்கையாவது கரும்பலகையில் போட்டு, பத்து நொடிக்குப் பதிலாக ஒரு நொடிக்கு ஒருமுறை அளந்தால் என்ன ஆகும் என்று மாணவர்களைக் கேட்கவேண்டும்.