மறுமுனையில் நிற்பவர்

2013-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வான்கடே மைதானத்தில் தமது இருநூறாவது டெஸ்ட் பந்தயத்தை ஆடி முடித்துக்கொண்டு சச்சின் டெண்டுல்கர் விடைபெற்றபோது, நான்காம் இடத்தில் இனி யார் இறங்கினாலும் அந்த ஸ்தானம் சூனியமாகவே தோன்றும் என்று பிரலாபித்தவர்களில் பலர், அடுத்த மாதமே ஜோஹான்னஸ்பர்கில் விராட் கோஹ்லி அதே இடத்தில் இறங்கி முதல் இன்னிங்ஸில் 119, இரண்டாவதில் 96 என்று எடுத்ததும் தங்கள் துக்கத்தைச் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டார்கள். கிரிக்கெட் ரசிகனுக்கு உள்ள சௌகரியம் இது. அவனுடைய அபிமானத்துக்கும் புதிய ஆட்டக்காரனின் தகுதிக்கும் நடுவே ஸ்கோர் போர்டு என்ற மத்தியஸ்தர் ஒருவர் நிற்கிறார். அவர் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது. கோஹ்லியை யாரும் சச்சின் என்று பெயர் சொல்லி அழைக்கவும் இல்லை.

அந்தப் பந்தயத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டாவது இன்னிங்ஸில் கோஹ்லி ஆடிய நேரத்தின் பெரும்பகுதி மறுமுனையில் புஜாரா நின்றார். 153 ஓட்டங்கள் எடுத்தார் என்பது ஒருபுறம் இருக்க, எதிரில் நிற்பவர் யாருடைய இடத்தில் வந்திருக்கிறார் என்ற பதற்றத்தின் நிழல்கூட அவர் முகத்தில் இல்லாதபடியால், பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் அந்தப் பதற்றம் மெல்ல மெல்லக் கரைந்துபோயிற்று. தொலைக்காட்சியில் ஒரு பிரதான பாத்திரத்துக்கு ஆள் மாறும்போது ரசிகர்கள் படும் வியாகுலத்தைப் பற்றி எழுத வந்தவன் கிரிக்கெட்டில் ஆரம்பித்ததற்கு, இந்தப் பத்தி விளையாட்டுப் பக்கத்தில் வருகிறது என்பது மட்டும் காரணமல்ல. புதிய நடிகர் எப்படி நடித்தார் என்று நாம் கேட்கிறோம். அவர் அருகில் நின்ற பழைய நடிகர் அவரை எப்படிப் பார்த்தார் என்பதே அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊர்த் தொடர்களில் இந்தக் காரியம் நடக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஓர் அறிவிப்புப் போடுகிறார்கள். நேற்று வரையில் ஒரு முகத்தோடு சமையலறைக்குள் போன மருமகள் இன்று வேறொரு முகத்தோடு வெளியே வருகிறாள். மாமியார் நேற்று விட்ட இடத்திலிருந்து வசையைத் தொடர்கிறார். புருஷன் காப்பி கேட்கிறான். அத்தனை பெரிய குடும்பத்தில் ஒருவர்கூட ஒரு கணம் திகைத்து நிற்பதில்லை. அந்த வீட்டில் நடந்துவிட்ட பெரிய மாறுதலைக் கவனித்த ஒரே ஆத்மா, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான். ரசிகரின் கோபத்தில் பாதி, பழைய நடிகை போய்விட்டாளே என்பதால் வருவது. மீதிப் பாதி, நம் கண்ணை யாரும் பொருட்படுத்தவில்லையே என்ற அவமானத்தால் வருவது.

ஆள் மாறுவது தமிழ் ரசிகனுக்குப் புதிதல்ல என்று சிலர் சொல்லக்கூடும். பாய்ஸ் கம்பெனி நாட்களில் ஒரு பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வேறு பையனிடம் போவது சகஜம். ஜனங்கள் அதையும் ஏற்றுக்கொண்டு இரவு முழுவதும் உட்கார்ந்து பார்த்தார்கள். வாஸ்தவமே. ஆனால் அங்கே ஒவ்வோர் இரவும் கதை முதலிலிருந்து ஆரம்பமாயிற்று; கோவலனோ வள்ளியோ ஜனங்களுக்கு முன்பே பரிச்சயமானவர்கள்; யார் வேஷம் கட்டினாலும் அந்தப் பாத்திரத்துக்குக் குறைவு வராது. தொலைக்காட்சிப் பாத்திரத்துக்கோ நடிகரின் முகத்தைத் தவிர வேறு சரீரம் கிடையாது. வருஷக்கணக்கில் முழங்கை தூரத்தில் அந்த முகத்தையே பார்த்துப் பழகியவர்களிடம் அதை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் விட்டுவைத்தால் அவர்கள் எதைப் பற்றிக்கொள்வார்கள்?

இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் சந்தித்து ஒரு வழி கண்டவர்கள் பிரிட்டிஷ் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரை நடத்தியவர்கள். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி ஆரம்பித்த அந்தத் தொடரில், காலத்திலும் ஆகாயத்திலும் யாத்திரை செய்யும் டாக்டர் என்ற விசித்திரப் பெரியவராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னல். மூன்று ஆண்டுகளில் அவர் இங்கிலாந்துக் குழந்தைகளுக்குச் சிடுசிடுப்பும் வாத்ஸல்யமும் கலந்த ஒரு பாட்டனாராகவே ஆகிவிட்டார். ஆனால் உடல் நலிந்து, வசனங்களை நினைவில் நிறுத்துவது சிரமமாயிற்று. 1966-ல் தயாரிப்பாளர் இன்னிஸ் லாய்ட் முன்னே இருந்த மார்க்கங்கள் இரண்டு: தொடரை நிறுத்துவது, அல்லது அதே ஜாடையுள்ள வேறொரு கிழவரைக் கொண்டுவந்து ஒன்றும் நடக்காதது போல் பாவனை செய்வது. அவர் மூன்றாவது மார்க்கம் ஒன்றைக் கண்டுபிடித்தார். டாக்டர் மனிதர் அல்லவே, வேற்று உலகத்தவர்தானே. உடல் தளர்ந்தால் அவர் புது உடல் எடுத்துக்கொள்வார் என்றார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி ஹார்ட்னலின் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்ரிக் ட்ரௌட்டனின் முகமாக மாறிற்று.

கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த யுக்தி அப்படி ஒன்றும் ஆச்சரியமாகத் தோன்றாது. என் கவனத்தைக் கவர்வது யுக்தி அல்ல; அதற்கு அடுத்த வாரம் ஆரம்பித்த, டாலெக்குகள் என்ற இயந்திரப் பகைவர்களைப் பற்றிய ஆறு பகுதிக் கதையில் நடிப்பைப் பங்கிட்டுக் கொடுத்த விதம். டாக்டருடன் பிரயாணம் செய்யும் இளைஞர் இருவர்: மைக்கேல் க்ரேஸ் நடித்த பென், அனெக்கே வில்ஸ் நடித்த பாலி. தரையிலிருந்து எழுந்த புதிய மனிதரைப் பார்த்து, இவர் டாக்டர் அல்ல, யாரோ ஏமாற்றுக்காரர் என்று பென் சந்தேகிக்கிறான்; இருக்கலாமே என்று பாலி தயங்கித் தயங்கி நம்புகிறாள். அதாவது, வீட்டில் டீ மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ரசிகர்கள் அந்தச் சமயத்தில் செய்துகொண்டிருந்த தர்க்கத்தை அப்படியே தூக்கிக் கதைக்குள் வைத்துவிட்டார்கள்.

ட்ரௌட்டனின் சாமர்த்தியம் இங்கேதான் தெரிகிறது. அவர் தம்மை நிரூபிக்க முயலுவதே இல்லை. பழைய டாக்டரின் மோதிரம் அவர் விரலில் நிற்காமல் நழுவுகிறது. கண்ணாடியில் பார்த்தால் பழைய முகம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. போனவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார். நேராகக் கேள்வி கேட்டால் ஒரு சிறிய குழலை எடுத்து ஊத ஆரம்பித்துவிடுகிறார். ஹார்ட்னலைப் போல நடந்து, ஹார்ட்னலைப் போல மிரட்டிக் காட்டியிருந்தால் ஒவ்வோர் அசைவும் மூலத்தோடு ஒப்பிடப்பட்டுத் தோற்றிருக்கும். ஒப்பிடுவதற்கே இடமின்றி நழுவியபடியால், இவர் யார் என்ற கேள்வி ரசிகரின் புகாராக இருந்தது மாறி, கதையின் மர்மமாகிவிட்டது. அந்த மர்மத்தை அவிழ்ப்பது யார் தெரியுமா? பென்னும் அல்ல, பாலியும் அல்ல. உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஒரு டாலெக், எதிரே நிற்பவரைக் கண்டதும் தன் பழைய சத்துருவை அடையாளம் கண்டுகொள்கிறது. சிநேகிதர்கள் தயங்கிய இடத்தில் பகைவனின் சாட்சியம் வந்து வழக்கைத் தீர்த்து வைக்கிறது. இத்தனை அழகான நாடகத் தந்திரத்தை நான் வேறெந்தத் தொடரிலும் கண்டதில்லை.

கண்டதில்லை என்று சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த ஆறு பகுதிகளின் படச்சுருள்களும் இன்று முழுமையாக இல்லை. பழைய நாடாக்களை அழித்து மறுபடி உபயோகிப்பது அக்கால வழக்கம். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சில ரசிகர்கள் பிடித்துவைத்த சப்தம் மட்டும் மிஞ்சிற்று. அதற்கு 2016-ல் சித்திரங்களால் உருவம் கொடுத்து வெளியிட்டார்கள். பிரிய நடிகர் போன பின்பும், திரும்ப எப்போது கேட்போமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வாரமும் பதிவு செய்துகொண்டே இருந்த அந்த அநாமதேயர்களின் அபிமானத்தைவிடப் பெரிய அபிமானம் எது?

அடுத்த பெரிய சோதனை 1981-ல் வந்தது. நீண்ட கழுத்துத் துணியும் அகன்ற விழிகளுமாக ஏழு ஆண்டுகள் டாக்டராக இருந்த டாம் பேக்கர் விலகினார். ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு வேறு டாக்டர் இருந்ததாகவே தெரியாது. வந்தவரோ முப்பது வயதைத் தொட்ட பீட்டர் டேவிசன். இடையே ஒன்பது மாத அவகாசம். அந்த இடைவெளியில் பி.பி.சி. செய்த காரியம் மெச்சத்தக்கது: பழைய டாக்டர்களின் கதைகளை ஐந்து முகங்கள் என்ற பொதுத் தலைப்பில் மறு ஒளிபரப்புச் செய்து, உங்கள் டாம் பேக்கரும் ஒருவருக்குப் பதிலாக வந்தவர்தான் என்பதைப் பிரசங்கம் பண்ணாமல் குழந்தைகளுக்குக் காட்டிக்கொடுத்தது. தவிர, டேவிசனின் முதற்கதையைத் தயாரிப்பில் நான்காவதாகப் பிடித்தார்கள். தடுமாறிக்கொண்டிருக்கும் புதிய டாக்டராக அவர் திரையில் முதலில் தோன்றியபோது, உண்மையில் தடுமாற்றம் தெளிந்து பாத்திரத்தில் நன்றாக ஊன்றிவிட்டிருந்தார். தடுமாறுவதுபோல் நடிக்க, தடுமாறாத கால் வேண்டும்.

அந்தக் கதையில் டேவிசன் முந்தியவரின் கழுத்துத் துணியை நூல் நூலாகப் பிரித்து, காலத்தில் யாத்திரை செய்யும் தம்முடைய விமானத்தின் தாழ்வாரங்களில் வழி தெரிவதற்காகக் கட்டிக்கொண்டே போகிறார். ஒரு தலைமுறையின் பூஜைப் பொருளை அப்படிப் பிரிப்பதற்கு என்ன துணிச்சல்! பிரித்து முடித்தபின் அவருக்குக் கிடைக்கும் உடுப்பு எது என்றால், கிரிக்கெட் ஆட்டக்காரனின் உடுப்பு. சில வாரங்களில் ஒரு கதையில் அவர் மைதானத்தில் இறங்கிப் பந்தும் வீசினார் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

அவருக்குப் பின் வந்த காலின் பேக்கரின் கதை துயரமானது. 1984 மார்ச்சில் ஒளிபரப்பான அவருடைய முதற்கதையில், உருமாறிய மயக்கத்தில் டாக்டர் தம் தோழி பெரியின் கழுத்தையே நெரிக்கிறார். உடனே அந்த ஆண்டின் தொடர் முடிந்துவிட, ரசிகர்கள் அந்தக் கசப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த ஜனவரி வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. காலின் பேக்கர் திறமையில் குறைந்தவர் அல்லர். அவருக்குக் கொடுத்த ஏற்பாடுதான் கோணல். பெரியாக நடித்த நிக்கோலா ப்ரையன்ட் எங்கள் பிரதிநிதியாக அங்கே நின்றார். அவர் கண்ணில் பயம் இருக்கும்போது எங்கள் கண்ணில் நம்பிக்கை எப்படிப் பிறக்கும்? 1986-ல் பேக்கரை நீக்கிவிட்டார்கள்.

மௌன மார்க்கத்துக்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 'பிவிட்ச்ட்' என்ற ஹாஸ்யத் தொடரில் சூனியக்காரியின் கணவராக நடித்த டிக் யார்க், பழைய முதுகெலும்புக் காயத்தின் வேதனை தாளாமல் விலகியபோது, 1969-ல் டிக் சார்ஜென்ட் ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் அதே வீட்டுக்குக் கணவராக வந்து சேர்ந்தார். மனைவி எலிசபெத் மான்ட்கோமரி கண் இமைக்கவில்லை. மூக்கை அசைத்தால் எதையும் மாற்றவல்ல மனைவி இருக்கும் வீட்டில் கணவன் முகம் மாறுவதற்கு விளக்கம் எழுதவா பஞ்சம்! தொடர் 1972 வரையில் நடந்தது. ஆனால் எந்த டிக் சிறந்தவர் என்ற விவாதம் அதற்குப் பின்னும் ஓயவில்லை.

'டாக்டர் ஹூ' 2005-ல் புத்துயிர் பெற்றபோது பழைய பாடத்தை மறக்கவில்லை. ஒரே பருவத்தில் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் விலகிவிட, அந்தக் கிறிஸ்துமஸ் கதையில் புதியவரான டேவிட் டெனன்ட் பெரும்பகுதி நேரம் பைஜாமாவோடு படுக்கையில் கிடக்கிறார். காட்சியைச் சுமப்பவர் பில்லி பைப்பர். அவர் நடித்த ரோஸ், போனவரை நினைத்து அழுகிறாள், வந்தவரை நம்ப மறுக்கிறாள், கடைசியில் சிரிக்கிறாள். அந்த ஒரு மணி நேரத்தில் டெனன்டின் வெற்றிக்கு அடித்தளம் போட்டவர் பைப்பரே என்று நான் துணிந்து சொல்வேன். 2014-ல் வாலிபர் மாட் ஸ்மித்தின் இடத்துக்கு நரைத்த பீட்டர் கபால்டி வந்தபோது, க்ளாராவாக நடித்த ஜென்னா கோல்மனுக்கு அதே வேலை வந்தது. போதாக்குறைக்குப் பழைய டாக்டரே டெலிபோனில் பேசி இவரை ஏற்றுக்கொள் என்று அவளைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

2017-ல் விம்பிள்டன் ஆண்கள் இறுதி ஆட்டம் முடிந்த கையோடு ஜோடி விட்டேக்கரை முதல் பெண் டாக்டராக அறிவித்தார்கள். ஆக்ஷேபணைகள் குறைவில்லாமல் எழுந்தன. ஆனால் அடுத்த ஆண்டு அவர் வந்து இறங்கியபோது அருகில் இருந்த தோழர்கள் அனைவரும் புதியவர்கள். பழைய டாக்டரைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆகவே இவரா அவர் என்று கேட்க அந்த உலகத்தில் நாதியில்லை. மனத்தில் ஆக்ஷேபணை வைத்திருந்த ரசிகர் தம் வாயாகப் பேசி, பிறகு தமக்காக மனம் மாறும் ஒரு முகத்தைத் திரையில் காணவில்லை. அதனாலேயே அவர்களில் பலர் மாறாமலே இருந்துவிட்டார்கள் என்பது என் ஊகம். விட்டேக்கரின் உற்சாகத்தில் குறையே இல்லை. அவருக்கு ஒரு பென் கிடைக்கவில்லை.

இங்கிலாந்து ரசிகர்கள் 'என் டாக்டர்' என்று ஒரு பிரயோகம் வைத்திருக்கிறார்கள். சிறு வயதில் முதலில் பார்த்தவர் யாரோ அவரே என் டாக்டர்; மற்றவர்கள் டாக்டர்கள். வந்தவரை ஒப்புக்கொள்வதற்காகப் போனவரைக் கைவிட வேண்டியதில்லை என்ற இந்த ஏற்பாடு, தலைமுறைகளின் சண்டையை வீட்டுக்குள்ளேயே சமாதானமாக முடித்துவைக்கிறது.

2025 மே மாதக் கடைசி நாளில் ஷூட்டி காட்வாவின் டாக்டர், விமானத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தன்னந்தனியாக உருமாறினார். ஒளி அடங்கியதும் தெரிந்த முகம் பில்லி பைப்பருடையது. இருபது ஆண்டுகளுக்கு முன் மறுமுனையில் நின்று நம் சார்பில் சந்தேகப்பட்டவரே இப்போது பந்தை எதிர்கொள்ளும் முனைக்கு வந்துவிட்டார். அவர் டாக்டர்தானா என்பதைப் பெயர்ப் பட்டியலிலும் தெளிவாகப் போடவில்லை. 2026 கிறிஸ்துமஸுக்கு அடுத்த கதை என்று அறிவித்திருக்கிறார்கள். அவரைப் பார்த்து, நீ யார் என்று கேட்க யாரை அருகில் நிறுத்தப் போகிறார்கள் என்பதை அறியவே நான் காத்திருக்கிறேன்.