விடைத்தாளை யார் படிப்பது?

2013 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத் தத்துவத் துறையினர் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நீதி பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாடம் எட்எக்ஸ் தளத்தில் இலவசமாக வந்திருந்தது. அதைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்தார்கள். வசதியுள்ள மாணவருக்குப் பேராசிரியர் நேரில் வருவார், மற்றவருக்குத் திரையில் தெரிவார், இப்படி இரண்டு தரப் பல்கலைக்கழகங்கள் உருவாகிவிடும் என்பது அவர்கள் கவலை. தன் வீடியோவால் சக ஆசிரியர்களுக்குக் கேடு வருவதை விரும்பவில்லை என்று சாண்டலும் பதில் சொன்னார்.

வேலை பறிபோகும் அச்சமும் அந்தக் கடிதத்தில் இருந்தது, இருக்கட்டும். அதைவிட என்னை யோசிக்க வைப்பது சாண்டலின் வகுப்பு நடக்கும் விதம். ஒரு மாணவரை எழுப்பிக் கருத்துக் கேட்பார். அவர் சொன்னதையே அவருக்கு எதிராகத் திருப்பிக் கேட்பார். அந்த மாணவர் திணறுவதை வீடியோவில் நாமும் பார்க்கலாம். நம்மைத் திணற வைக்கத்தான் ஆளில்லை.

சொற்பொழிவை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் ஆயிரம் பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. மாணவர் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்துவதற்கு இந்தக் கணக்கு செல்லாது. ஆகவே இலவசப் படிப்புகள் பெரும்பாலும் இயந்திரம் திருத்தக்கூடிய கேள்விக்கே வந்து சேர்ந்தன: நான்கு விடைகள், சரியானதைத் தேர்ந்தெடு.

நம் நாட்டின் இலவச இணையப் பாடத் திட்டமான என்பிடெல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து உருவாக்கியது. பொறியியலையும் அடிப்படை அறிவியலையும் மனத்தில் வைத்துப் பிறந்த ஏற்பாடு. பிறகு உளவியல், பொருளியல், சமூகவியல், மேலாண்மை எல்லாம் வந்து சேர்ந்தன. 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் இன்று இவை கிடைக்கின்றன. படிக்கக் காசில்லை, சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வார அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. பாடங்கள் மாறின, தேர்வு அச்சு மாறவில்லை.

ஓர் உத்திரத்தின் மேல் விழும் பாரத்தைக் கணக்கிட்டால் ஒரே விடைதான் வரும். நகரத்தில் சாதி எப்படி உருமாறுகிறது என்று கேட்டுவிட்டு, நான்கில் ஒன்றுதான் சரி என்று சொல்ல எந்தச் சமூகவியலாளருக்கும் மனம் வராது. அதனால் கேள்வி சுருங்குகிறது. சமஸ்கிருதமயமாக்கல் என்ற கருத்தை முன்வைத்தவர் யார்? எம்.என்.சீனிவாஸ் என்று குறித்தால் மதிப்பெண். அந்தக் கருத்துக்கு எழுந்த மறுப்புகளைப் பேராசிரியர் வீடியோவில் அரை மணி நேரம் அருமையாகப் பேசியிருக்கலாம். தேர்வுக்கு வராததை எத்தனை பேர் பொறுமையாகக் கேட்பார்கள்? கோர்ஸ்எரா என்ற இணையப் படிப்புத் தளம் சக மாணவர்களையே கட்டுரை திருத்த வைத்துப் பார்த்தது. நல்ல யோசனைதான். ஆனால் தன் கட்டுரை தேற வேண்டுமென்ற அவசரத்தில் இருப்பவர் அடுத்தவர் கட்டுரைக்கு ‘நன்று’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் செலவழிப்பது அபூர்வம்.

வணிகப் பாடங்களில் பாதி இந்த அச்சில் பொருந்தும். கணக்கியலும் நிதியும் தேறிவிடும். பேரம் பேசுவதும் ஆட்களை நடத்துவதும் தேறாது.

மருத்துவமும் நலவாழ்வும்தான் எதிர்பாராத வெற்றி. 2020 மே மாதம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கோவிட் நோயாளியோடு பழகியவர்களைக் கண்டறியும் வேலைக்கு ஒரு சின்ன இலவசப் படிப்பைக் கோர்ஸ்எராவில் வெளியிட்டது. அந்த வேலைக்கு ஆளெடுத்த நியூயார்க் மாநிலம் இதைக் கட்டாயமாக்கியது. யாருக்குப் போன் செய்வது, என்ன கேட்பது, எத்தனை நாள் தனிமையில் இருக்கச் சொல்வது என்று வேலை குறுகியது, தெளிவானது. படித்ததை மறுநாளே செய்து பார்க்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. இதையே செவிலியர் பயிற்சி முழுவதற்கும் நீட்டினால் விபரீதம். நரம்பைத் தேடி ஊசி போடத் திரை கற்றுத்தராது.

இந்தப் படிப்புகளைக் குறை சொல்ல எல்லோரும் எடுக்கும் எண் ஒன்று உண்டு. எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் முடித்தார்கள். எனக்கு இது பெரிய குற்றமாகப் படவில்லை. தனக்கு வேண்டிய இரண்டு வகுப்புகளைப் பார்த்துவிட்டு எழுந்துபோனவர் தோற்றவரா என்ன? 2015இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வுதான் உறுத்துகிறது: ஹார்வர்டு, எம்ஐடி படிப்புகளில் சேர்ந்த அமெரிக்கர்கள் சராசரியைவிட வசதியான பகுதிகளில் வாழ்பவர்கள். கதவைத் திறந்து வைத்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களே அதிகம் வந்தார்கள்.

இங்கே நிலைமை வேறு. பொருளியல் ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடக்கும் கல்லூரியில் ஐஐடி பேராசிரியரின் விரிவுரை பெரும் கொடை. ஆனால் 2021இலிருந்து ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பணியிடத்தை நிரப்பாமலே விட நிர்வாகத்துக்கு இதைவிட வசதி வேண்டாம். சான் ஹோசேக்காரர்கள் பயந்தது இதற்குத்தான்.

சமூக அறிவியல் பாடங்களில் அந்த 25 மதிப்பெண்ணையாவது உள்ளூர் ஆசிரியரிடம் விடலாம். வாரம் இரண்டு பக்கம் மாணவர் எழுதட்டும். ஆசிரியர் படித்துச் சிவப்பு மையில் சண்டை போடட்டும். ஊருக்கு ஊர் அளவுகோல் மாறும் என்று ஆட்சேபம் எழும். மாறத்தான் செய்யும். அசைன்மென்ட் விடைகள் வாராவாரம் யூடியூபில் வெளியாக, அதைப் பார்த்து எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கும் இன்றைய சீர்மையைவிட அது மேல்.