புன்னகை எனும் கட்டளை

நோயுற்றோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் துணைநிற்றல், மனிதர் ஒருவருக்கொருவர் நெடுங்காலமாக ஆற்றிவரும் பணி. அப்பணி கட்டணத்துக்கு விற்கப்படும் பண்டமாகும்போது, ஆறுதலின் உள்ளடக்கமும் மாறிவிடுகின்றதா? பார்பரா ஏரன்றைக் 2009இல் எழுதிய ‘பிரைட்-சைடட்’ என்ற நூலைப் படிப்போர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. இங்கிலாந்தில் அந்நூல் ‘ஸ்மைல் ஓர் டை’ என்ற பெயரில் வெளிவந்தது; நூலின் சாரத்தை இப்பெயரே நன்கு உணர்த்துகின்றது எனலாம்.

உயிரணுவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவரான ஏரன்றைக், 2000ஆம் ஆண்டில் மார்புப் புற்றுநோய்க்கு ஆளானார். நோயினும் அதிகமாக அவரைச் சினங்கொள்ளச் செய்தது, நோயாளி எந்நேரமும் மலர்ந்த முகத்தோடு இருத்தல் வேண்டும் என்ற கட்டளையாகும். இளஞ்சிவப்பு நாடாவும் கரடிப் பொம்மையும் வளர்ந்த பெண்களுக்கு ஆறுதலாக வழங்கப்பட்டன. உள்ளம் மகிழ்ந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி பெருகிப் புற்று அழியும் என்ற வாதத்தை அவர் தம் விஞ்ஞான அறிவு கொண்டே தகர்க்கின்றார். அவ்வாதத்தின் மறுபக்கம் கொடியது. நோய் முற்றுமாயின், போதிய அளவு மகிழாதிருந்ததே குற்றம் என்றாகின்றது. சாகக் கிடப்பவள் மீதே சாவின் பழி சுமத்தப்படுகின்றது.

இதே குரலை அவர் பின்னர் வேறோரிடத்திலும் கேட்டார். 2005இல் வெளிவந்த ‘பெயிற் அண்ட் சுவிச்’ நூலுக்காக வேலை தேடும் உத்தியோகத்தராக வேடம் பூண்டு, பணம் கொடுத்துப் பயிற்றுநர்களை நாடியவர் அவர். வேலையற்றோருக்கு அங்கு போதிக்கப்பட்டதும் மனப்பாங்கை மாற்றுக என்பதே. ஆட்குறைப்புச் செய்த முதலாளியைப் பற்றிப் பேச்சில்லை. மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் உத்தியோகத்தோடு பிணைக்கப்பட்டுள்ள அமெரிக்காவில், இவ்விரு துன்பங்களும் ஒரே வீட்டின் கதவைத் தட்டுதல் அரிதன்று. இத்தொடர்பைக் கண்டமையே ஏரன்றைக்கின் தலையாய பங்களிப்பு என நாம் கருதுகின்றோம்.

எனினும், துணைநிற்றல் அனைத்தும் ஏமாற்று என்று வாசகர் முடிவுகட்டிவிடலாகாது. முற்றிய மார்புப் புற்றுநோயுடைய பெண்கள், குழுவாகக் கூடிப் பேசும் சிகிச்சையால் நீண்ட காலம் வாழ்ந்தனர் என 1989இல் டேவிட் ஸ்பீகல் குழுவினர் அறிவித்தனர். 235 பெண்களை ஆராய்ந்து 2001இல் கனடாவில் வெளியான ஆய்வோ, ஆயுள் நீளவில்லை எனக் கண்டது. ஆனால் மனத்துயரும் நோவும் தணிந்தன. இது சிறிய பயனா? வலிதணிதல் வேறு, புன்னகைக்கப் பணித்தல் வேறு. இவ்வேறுபாட்டை ஏரன்றைக்கின் சினம் சற்றே மறைத்துவிடுகின்றது. நோயாளியைத் தூக்கி அமர்த்தவும், மருந்தை வேளை தவறாது கொடுக்கவும், இரவில் விழித்திருக்கவும் கடமைப்பட்ட மனைவியோ மகளோ வேண்டுவது உற்சாக மொழியன்று. கைப்பழக்கமும் ஓய்வும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையுமாகும்.

டால்ஸ்டாய் 1886இல் எழுதிய ‘இவான் இலியிச்சின் மரணம்’ இங்கு நினைவுக்கு வருகின்றது. சுற்றத்தார் யாவரும் நோயாளியிடம் பொய் பேசுகின்றனர். வேலைக்காரன் கெராசிம் மட்டும் சாவை மறைக்காது, அவனுடைய கால்களைத் தன் தோள்மீது தாங்கி இரவெல்லாம் அமர்ந்திருக்கின்றான். கெராசிமும் சிரித்த முகத்தினனே, ஆயினும் அச்சிரிப்பு நோயாளியை வருத்துவதில்லை. அவன் இழந்த உறக்கத்துக்குக் கூலி உண்டா என்று மட்டும் டால்ஸ்டாய் கேட்கவில்லை.