தடத்தை நம்பாதீர்கள்: டிரெயில் இல்லாத சிகரங்களை ரசிப்பது எப்படி?

நியூஜெர்சியில் இருக்கும் நம் ஆட்களிடம் நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலை என்று சொல்லிப் பாருங்கள். "போயிருக்கோமே, காட்டர்ஸ்கில் அருவிதானே?" என்பார்கள். இரண்டு அடுக்காக 260 அடி விழும் தண்ணீரைப் பார்த்து, படம் எடுத்து, புளியோதரையை முடித்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். அதே மலைத்தொடரில் டிரெயிலே போடாத சிகரங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. மரத்தில் அடையாள வில்லை கிடையாது, அம்புக்குறி கிடையாது. கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லை. "மேல போனா வியூ இருக்கா?" என்பார்கள். பெரும்பாலும் இல்லை, உச்சி முழுக்க மரம்தான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படைகளைச் சட்டென்று முடித்துவிடுவோம். சம உயரக் கோடு போட்ட காகித வரைபடமும் காம்பஸும் வேண்டும். போன் துணைக்கு மட்டும். இங்கே காம்பஸ் முள் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 13 டிகிரி மேற்கே தள்ளி நிற்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் 1 கிலோமீட்டர் நடந்தால் 200 மீட்டருக்கு மேல் விலகிப் போயிருப்பீர்கள். முழுக்கைச் சட்டை, கண்ணைக் காக்கக் கண்ணாடி, ஹெட்லாம்ப், விசில். தனியாகப் போகாதீர்கள், போகும் இடத்தை வீட்டில் சொல்லுங்கள். திரும்பியதும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் விளையாட்டு இல்லை. முதல் மலைக்கு ஹால்காட் போதும். 3500 அடியைச் சற்றே தாண்டும், பெரும்பாலும் இலையுதிர் மரங்கள், நடுவில் நடக்க இடம் கிடைக்கும். அவ்வளவுதான்.

இனிமேல்தான் விஷயமே. டிரெயில் இல்லை என்றால் தடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தடம் நிறைய இருக்கும். அதில் மூன்று சாதி.

முதலாவது மான் தடம். சரிவுக்குக் குறுக்கே, உயரம் மாறாமல் ஓடும். இடுப்பு உயரத்தில் கிளைகள் ஒடியாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். மான் அதற்கு அடியில் நுழைந்து போய்விடும். உச்சியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, அதன் பின்னால் போனால் உங்களுக்கும் உச்சி இல்லை.

இரண்டாவது மனிதத் தடம். மேல்நோக்கிப் போகும். முகத்துக்கு நேரான சுள்ளிகள் ஒடிந்திருக்கும், வேரின் பட்டை தேய்ந்து பளபளக்கும். விழுந்து கிடக்கும் மரத்தில் ஓரிடத்தில் மட்டும் பாசி உரிந்திருக்கும். காலை வைத்துத் தாண்டும் இடம் அதுதான்.

மூன்றாவதைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. வழி தவறியவர்களின் தடம் அது. தொடக்கத்தில் இரண்டாவதைப் போலவே இருக்கும், சில சமயம் அதைவிட அகலமாக. வித்தியாசம் போகப்போகத்தான் தெரியும். உச்சிக்குப் போகும் தடத்தில் கால் வைத்த எல்லோரும் உச்சிவரை போனவர்கள், ஆகவே கடைசிவரை ஒரே அகலம். இதிலோ ஒருவர் ஐம்பது அடியில் சந்தேகப்பட்டுத் திரும்பியிருப்பார், இன்னொருவர் நூறு அடியில், ஒரு வீறாப்புக்காரர் முந்நூறு அடியில். அதனால் மெலிந்துகொண்டே போய் ஒரு பாறைச் சுவருக்கு முன்னால் காணாமல் போகும். கேட்ஸ்கில் முழுக்கவே மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறிப் படிந்த அடுக்குகள். இளகியது கரைந்துபோக, கெட்டியானது சுவராக நிற்கிறது. சுவரைக் கண்டதும் ஒருவர் இடப்பக்கம் போயிருப்பார், ஒருவர் வலப்பக்கம். தடம் பிரிந்த நூலாகிவிடும். எத்தனை பேருடைய தைரியம் எந்தெந்த மரத்தடியில் தீர்ந்தது என்று மண்ணைப் பார்த்தே சொல்லலாம். இந்த ஒன்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். இது தெரியாமல் எத்தனை சிகரம் ஏறினாலும் அது வெறும் உடற்பயிற்சி.

யாரோ பதிந்துவைத்த ஜிபிஎஸ் கோட்டை இறக்கிக்கொண்டு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏறுகிறவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் ஏறுவது திரையில். பூட்ஸுக்குப் பத்து நிமிடம் விமர்சனம் பேசுகிற வீடியோக்காரர்கள் மரத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசி நான் கேட்டதில்லை. இவர்களைவிட மோசம், கிளைதோறும் கலர் ரிப்பன் கட்டிக்கொண்டே போகிறவர்கள். அரசுக் காட்டை என்றைக்கும் காடாகவே வைத்திருக்க வேண்டும் என்று 1894-லேயே அரசியல் சாசனத்தில் எழுதிக்கொண்ட மாநிலம் நியூயார்க். அங்கே போய்த் தோரணம் கட்டுகிறார்கள்.

சரி, வியூ இல்லாத உச்சியில் என்ன பார்ப்பது? வழியிலேயே பாருங்கள். இங்கே பால்சம் கேப் சிகரத்திலிருந்து ராக்கி சிகரத்துக்குப் போகும் முகட்டில் பீச்சும் மேப்பிளும் பின்தங்கி, ஃபர் மரமும் ஸ்ப்ரூஸும் நெருக்கியடித்து நிற்கும். கையால் விலக்கித் தோளால் தள்ளித்தான் போக வேண்டும். பிசின் வாசனை சட்டையில் நாள்கணக்கில் நிற்கும். கீழ்ச்சரிவில் ஹாபிள்புஷ் என்றொரு புதர், கிளையை வளைத்து மண்ணில் ஊன்றி அங்கேயே வேர்விட்டிருக்கும். அந்த வளையத்தில் கால் மாட்டி விழாதவர் கிடையாது. உச்சி எது என்பதே ஒரு விளையாட்டு. மேலே தட்டையான அடர்காடு. எந்தப் பக்கம் அடி வைத்தாலும் கால் கீழே இறங்குகிறதா, அதுதான் உச்சி.

ஜூனில் விடியலுக்கு முன் ஏறினால் பிக்னெல் த்ரஷ் பாடுவதைக் கேட்க வாய்ப்பு உண்டு. 1881-இல் யூஜீன் பிக்னெல் இதே தொடரின் ஸ்லைடு மலையில் கண்டறிந்த பறவை. உயரத்து ஃபர் காட்டில்தான் கூடு கட்டும். நீங்கள் சபித்துக்கொண்டே புகுந்து வந்தீர்களே, அந்த நெருக்கடிதான் அதற்கு வீடு.

உங்களிடம் சொல்வதற்கென்ன, கூட்டம் வரவில்லையே என்று இவ்வளவு புலம்பினாலும் ஒரு முகட்டை மட்டும் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறேன். அங்கே முதல் சாதித் தடம் மட்டும்தான் இருக்கிறது. ஹால்காட்டுக்குக் கூப்பிடுங்கள், எந்த சனிக்கிழமையானாலும் வருகிறேன். அந்த முகடு எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.