வெள்ளையும் கன்னியும்: தென்தமிழக நாய்களின் நிற மரபு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத் தோல் தொழிலில் நிறம் என்பது கடைசியில் ஏற்றப்படுவது. சுண்ணாம்புக் குழியில் மயிர் கழிந்த பிறகு அந்த ஆடு செவலையா கறுப்பா என்று எவரும் கேட்பதில்லை, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதமான காலத்திலும் குரோம் உப்பில் பதமாகும் இக்காலத்திலும் விலை பேசப்படுவது தோலின் மேற்பரப்புக்கே. தென்மாவட்ட நாய் வளர்ப்பிலோ, அங்கே கழித்துவிடப்படும் அந்த மயிரின் நிறமே குலத்தின் பெயரையும் பெருமையையும் தீர்மானித்து வந்திருக்கிறது.

நாயின் மயிரில் இருப்பவை இரண்டே நிறமிகள்: கறுப்பு அல்லது பழுப்பைத் தரும் கருநிறமி, செம்மையும் வெளிர்மஞ்சளும் தரும் செந்நிறமி. இவற்றில் எது, உடலின் எப்பகுதியில், எவ்வளவு அடர்த்தியாக உருவாக வேண்டும் என்பதைத் தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியுமாக வந்து சேரும் மரபணுக்கள் முடிவு செய்கின்றன. ஒரே படியாக இருந்தாலும் வெளிப்படுவதை ஓங்கு பண்பு என்றும், இரு படிகளும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படுவதை ஒடுங்கு பண்பு என்றும் கூறுவர்.

கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்து வேட்டைநாய்களைப் பற்றிய நெடுநாள் வழக்கு இந்த இடத்தில்தான் தெளிவு பெறுகிறது. கறுப்பு உடலும், புருவத்திலும் கால்களிலும் செம்பழுப்புப் பொட்டும் கொண்டது கன்னி. செவலையும் பிற நிறங்களும் சிப்பிப்பாறை. இரண்டும் தனித்தனி இனங்கள் என்பார் ஒரு சாரார், ஒரே நாயின் இரு நிறங்கள் என்பார் மறு சாரார். வெளிர்நிறக் கன்னியைப் பால்கன்னி என்று பிரித்தழைக்கும் வழக்கமும் உண்டு. மரபியல்படி, செவலை ஓங்கு பண்பு, கன்னியின் பொட்டுக் கறுப்பு அதற்கு ஒடுங்கு பண்பு. ஆகவே இரு செவலை நாய்களுக்குக் கன்னி நிறக் குட்டி பிறக்கலாம், ஆனால் இரு கன்னிகளுக்கு, அரிய விலக்குகள் நீங்கலாக, செவலைக் குட்டி பிறப்பதில்லை. ஈற்றில் ஒரு கறுப்புக் குட்டி விழுந்தவுடன் தாயின் கற்பைச் சந்தேகிப்பது அறியாமையே. நிறத்தை மட்டும் கொண்டு இனம் பிரிப்பவர்கள் இதற்கு இன்னும் விடை சொல்லவில்லை.

தேனி மாவட்டத்துக் கோம்பை நாயின் செந்நிற உடலும் கருமூஞ்சியும் இவ்வளவு சிக்கலானவை அல்ல; முகத்துக்கு மட்டும் கருநிறமியைத் தரும் ஓங்கு மரபணு ஒன்றே அந்த முகமூடிக்குக் காரணம்.

கடினமான வழக்கு ராஜபாளையத்துடையது. இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோள் ஆகியவற்றோடு 2005இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்ற இந்நாய்க்குப் பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் இலக்கணமாயின. புள்ளி விழுந்த குட்டிகள் ஒதுக்கப்பட்டன. வெள்ளை என்பது ஒரு நிறமி அன்று. கருவில் முதுகு நெடுக உருவாகும் நிறமிச் செல்கள் தோலெங்கும் பரவிச் சேராததன் விளைவே இவ்வகை வெள்ளை. மூக்கும் சிவந்திருப்பது அதற்குச் சான்று. அதே செல்கள் உட்செவிக்கும் சென்று, அங்குள்ள நீர்மத்தின் உப்புச் சமநிலையைக் காக்க வேண்டியவை; அவை அங்கு இல்லாவிடில், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்து குட்டி செவிடாகிறது. ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு நெடுங்காலமாக அறியப்பட்ட குறை.

டால்மேஷியன் நாய்களிலும் இதே நிலை: அமெரிக்க ஆய்வுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு நாய்களுக்கு ஒரு செவியிலேனும் கேட்கும் திறன் இல்லை. பிறவியிலேயே பெரிய கறுப்புத் திட்டு உள்ளவற்றில் செவிடு குறைவு என்று தெரிந்தும், கண்காட்சி இலக்கணம் திட்டைத்தான் குற்றமாக வைத்திருக்கிறது. ராஜபாளையத்திலும் காதில் மட்டும் செம்புள்ளி உள்ள குட்டியைப் பிறகலப்பின் அடையாளமாக விலக்குவதற்கு முன், ஒலிக்கு மூளை தரும் மின்துலங்கலை அளக்கும் சோதனையில் அதன் இரு செவிகளையும் பார்த்தல் தகும். நன்கு கேட்கும் அக்குட்டியை, நன்கு கேட்கும் முழுவெள்ளையோடு இணைத்தால், அந்த ஈற்றிலும் வெள்ளைக் குட்டிகள் பிறக்க வாய்ப்புண்டு.