கணினிவழிக் கூட்டுக் கற்றல் அமைப்புகள்: நன்னூலின் 'பாடம் கேட்டலின் வரலாறு' முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

மாணவர்கள் தம்முள் உரையாடியும் எழுதியும் கற்பதற்கெனக் கணினி அமைப்புகளை வடிவமைக்கும் ஆய்வுத்துறை கணினிவழிக் கூட்டுக் கற்றல் என வழங்கப்படுகிறது. 1989ஆம் ஆண்டு இத்தாலியின் மராத்தேயா நகரில் நடைபெற்ற பயிலரங்கு இத்துறையின் பிறப்பாகவும், 1995இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு இதன் முதல் முழு மாநாடாகவும் கருதப்படுகின்றன. தமிழில் இதுபற்றி எழுதப்பட்டவற்றுள் என் பார்வைக்கு வந்தவை பெரும்பாலும் கருவி அறிமுகங்களே. எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கும் என்பதை அவை விளக்குகின்றன. அப்பக்கத்தில் மாணவர் ஏன் எழுத வேண்டும் என்னும் வினாவை அவை எழுப்புவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவை முதன்மையாகக் கொள்கிறது. அதற்கு உரைகல்லாக நன்னூல் பொதுப்பாயிரத்தில் அமைந்துள்ள பாடம் கேட்டலின் வரலாற்றுப் பகுதியை எடுத்துக்கொள்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் கணினியை முன்னுணர்ந்தார் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வகைக் கட்டுரைகளை நம் கருத்தரங்குகளில் வேண்டிய அளவு கேட்டாயிற்று. கற்றலைப் பற்றித் தெளிவான கருத்துடைய ஒரு நூல், இன்றைய வடிவமைப்பின் குறையைக் காண உதவுமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

நான்கு கூறும் நான்கு பகுதியும்

ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே என்கிறார் பவணந்தி முனிவர். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வாய்க்கிறது. எஞ்சிய இரு காற்கூறும் தான் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக விரித்துரைப்பதால் வருகின்றன. இவை அளந்து கண்ட விழுக்காடுகள் அல்ல என்பது வெளிப்படை. ஆயினும் பங்கீட்டின் போக்கு நோக்கத்தக்கது. கேட்டலுக்குக் குறைந்த பங்கும் உரைத்தலுக்கு மிகுந்த பங்கும் தரப்பட்டுள்ளன. மேலும், மாணாக்கனுக்குரிய கடன்களைத் தொகுக்குமிடத்து, வினவுதலோடு வினவியவற்றுக்கு விடை கூறுதலையும் நூல் சேர்த்துரைக்கிறது. விடை கூறுதல் ஆசிரியருக்கு மட்டும் உரிய தொழிலாக அங்கே வைக்கப்படவில்லை.

இதனோடு நம் நாட்டின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தை ஒப்பிடலாம். 2017இல் தொடங்கப்பெற்ற இத்தளத்தின் பாடங்களும் நான்கு பகுதிகளாகவே அமைந்துள்ளன: காணொளி விரிவுரை, தரவிறக்கிப் படிக்கத்தக்க பாடப்பொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வுகள், இணைய உரையாடல் மன்றம். எண்ணிக்கையின் ஒற்றுமை தற்செயலானது. அதில் ஆராய ஒன்றுமில்லை. ஆனால் நான்காம் பகுதியின் பயனாகத் தளம் தன்னைப் பற்றிய அறிமுகத்திலேயே கூறுவது ஐயங்களைத் தீர்த்தல் என்பதாகும். இவ்வொரு தொடர் முழு வடிவமைப்பின் உள்ளக்கிடக்கையையும் காட்டிவிடுகிறது. ஐயம் மாணவருடையது, தீர்வு ஆசிரியருடையது. மன்றம் என்னும் பெயர் பலர் கூடும் இடத்தைக் குறித்தாலும், செயலளவில் அது ஆசிரியர் அறைக்கு வெளியே நிற்கும் வரிசையாகிவிடுகிறது. நன்னூலின் பங்கீட்டைக் கொண்டு நோக்கின், விரிவுரை, பாடப்பொருள், மன்றம் ஆகிய மூன்றும் முதற் காற்கூற்றினுள் அடங்குகின்றன. தேர்வு அக்கூறு கைவந்ததா எனச் சோதிக்கிறது. எஞ்சிய முக்கால் எங்கே?

இது வெறும் சொல்லாய்வு அன்று. ஒரு பருவத்தின் பாடங்களுள் 20 விழுக்காடு வரை இத்தளத்தின்வழிப் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறை இடமளித்தது. 2021இல் அது 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. முதுகலை மாணவர் ஒருவரின் படிப்பில் ஐந்தில் இரண்டு பங்கு வரை இவ்வடிவமைப்புக்குள் நிகழக்கூடும் என்னும் நிலையில், அதன் நான்காம் பகுதி எதற்காக என்பது நம் துறைகளின் வினாவாகிறது.

தேவையிலிருந்து பிறந்த ஓர் அமைப்பு

இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, செவித்திறன் குறைந்தோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தில் 1980களில் நிகழ்ந்த என்ஃபி திட்டமாகும். அங்கு வந்த மாணவர் பலருக்கு எழுத்தாங்கிலத்தில் போதிய பயிற்சி இல்லை. ஆசிரியர் எழுத்தைத் திருத்தித் தரும் பழைய முறைக்கு மாறாக, வகுப்பின் உரையாடலே இணைக்கப்பட்ட கணினிகளில் தட்டச்சு எழுத்தாக நடைபெற்றது. தோழரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமெனில் அதனை எழுதியாக வேண்டும். சரியாக எழுதாவிடில் மறுமொழி மாறிவரும். எழுத்துக்குத் திருத்துபவர் அல்லாத ஒரு படிப்பாளர் கிடைத்தார்.

இவ்வமைப்பின் வலிமை கருவியில் இல்லை. அன்றைய கணினிகள் இன்றைய கைப்பேசிக்கு ஈடாகா. ஒருவர் விளக்காவிடில் மற்றவர்க்கு விளங்காது என்னும் சூழல் அங்கு உண்மையாகவே இருந்தது. பிற்காலத்துப் பொது அமைப்புகள் கருவியை எடுத்துக்கொண்டு இச்சூழலை விட்டுவிட்டன. 2003இல் கிரெய்ன்ஸ், கிர்ஷ்னர், யோகெம்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுரை இக்குறையை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. வசதி செய்து கொடுத்தாலே மாணவர் கூடி உரையாடுவர் எனக் கொள்ளுதல் ஒன்று. உரையாடலைப் பாடத்தோடு மட்டும் கட்டி, நட்பும் நம்பிக்கையும் வளர இடமின்றிச் செய்தல் மற்றொன்று. முதற் பிழையை வடிவமைப்பாளர் பலர் இன்று வாயளவில் ஒப்புக்கொள்கின்றனர். இரண்டாவது பெரிதும் பொருட்படுத்தப்படுவதில்லை. மாணவர் தமக்குள் வாட்சப் குழு அமைத்துக்கொண்டு பல்கலைக்கழகத் தளத்தை வெறிச்சோட விடுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

சொல்லதிகார வகுப்பில் ஒரு முயற்சி

தமிழகத்திற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை மாணவர்க்குத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கற்பிக்கையில், மூடுல் தளத்தில் ஓர் உரையாடல் மன்றத்தைத் திறந்தேன். வகுப்பில் நால்வர். கிளவியாக்கத்து நூற்பாக்கள் பற்றிக் கருத்துரைக்க வேண்டுமெனக் கூறினேன். கெடுநாளின் இரவில் நான்கு பதிவுகள் வந்தன. முதலாவது பத்து வரி; நான்காவது, மேற்கண்ட கருத்துகளை வழிமொழிவதாக ஒரு வரி. பிறர் பதிவைக் காணுமுன் தம் பதிவை இட்டாக வேண்டும் என்னும் வினாவிடை மன்ற வகை அத்தளத்தில் உண்டு. அதனைப் பயன்படுத்தியபோது வழிமொழிதல் நின்றது; நால்வரும் ஒரே உரைநூலைப் பார்த்து ஒரே செய்தியைத் தனித்தனியே எழுதினர். எவரும் எவருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் அனைவரிடமும் இருந்தது ஒன்றே.

அடுத்த ஆண்டு பாடப்பொருளைப் பங்கிட்டேன். சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் ஆகிய ஐவர் உரைகள் உள்ளன. முதல் நான்கும் நான்கு மாணவர்க்கு. ஒருவர் உரையை மற்றவர் படித்தல் ஆகாது. கூறுகளைப் பிரித்தளித்துப் பின் சேர்க்கும் இம்முறை, 1971இல் டெக்சாசு மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் தொடங்கியது, புதியதன்று. ஆனால் உரைநூல்கள் இதற்கு இயல்பாகவே பொருந்துகின்றன. சேனாவரையர் தமக்கு முந்திய இளம்பூரணரை உரையாசிரியர் என்னும் பெயரால் குறித்துப் பல இடங்களில் மறுக்கிறார். சேனாவரையரை மட்டும் கையில் கொண்ட மாணவி, மறுக்கப்படும் கருத்தை மறுப்பவர் வாயிலாகவே அறிந்தார். உரையாசிரியர் உண்மையில் இப்படித்தான் கூறினாரா என அவர் மன்றத்தில் கேட்டார். அதற்கு விடை தரக்கூடியவர் இளம்பூரணரைப் படித்த மாணவர் ஒருவரே. அவர் எழுதிய விடை முதலில் விளங்கவில்லை, மீண்டும் எழுதினார். அந்த இரண்டாம் பதிவே அப்பருவத்தில் நான் படித்த மிகச் சிறந்த எழுத்து. ஆசிரியரின் ஐயத்தைத் தீர்க்க மாணவர் எழுதும் விடைக்கும், உண்மையாகவே அறியாத தோழர்க்கு எழுதும் விடைக்கும் உள்ள வேறுபாட்டை அதில் கண்டேன். முன்னதில் படிப்பவருக்கு விடை தெரியும் என்பதை எழுதுபவர் அறிவார்.

ஒரு பிழையும் நேர்ந்தது. கல்லாடர் உரை முழுமையாகக் கிடைக்கவில்லை ஆதலின் அதனை மாணவர்க்குத் தராமல் நானே எடுத்துக்கொண்டேன். குழுவில் ஐந்தாமவராக நான் நுழைந்த கிழமையிலேயே வினாக்கள் அனைத்தும் என்னை நோக்கித் திரும்பிவிட்டன. இளம்பூரணர் பற்றிய ஐயத்தையும் என்னிடமே கேட்டனர். ஐயம் தீர்க்கும் மன்றத்தை நானே மீண்டும் உருவாக்கிவிட்டேன். வடிவமைப்பில் ஆசிரியரின் இடம் எது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை; அவர் எங்கே வாளாவிருக்கிறார் என்பது தீர்மானிக்கிறது.

பதிவுக்கு அடையாளம் இடுதல்

தொரொண்டோவில் இசுகார்டமாலியாவும் பெரைட்டரும் உருவாக்கிய சிசைல் அமைப்பும், அதன் வழிவந்த 'நாலெட்ஜ் ஃபோரம்' அமைப்பும், பதிவின் தன்மையை எழுதுபவரே குறிக்கச் செய்கின்றன: இது என் கருதுகோள், நான் அறிய வேண்டுவது இது, இது புதிய செய்தி, இக்கருதுகோள் இதனை விளக்கவில்லை என்பனபோல. இவற்றை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதினும் நன்னூல் நூலாசிரியர்க்குக் கூறும் எழுவகை மதங்களைக் கொள்வது தமிழ் மாணவர்க்கு எளிது எனத் தோன்றியது. உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தன் கருத்தை நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறரோடு படாது தன் கருத்தே கொள்ளுதல் என்பன அவை. நூல் செய்வார்க்கு வகுத்ததை மாணவர் பதிவுக்குப் பொருத்துவது சற்றே அத்துமீறல்தான்.

தொடக்கத்தில் ஏறத்தாழ எல்லாப் பதிவுகளும் உடன்படுதல் ஆயின. நாகரிகம் கருதியோ சோம்பல் கருதியோ, அறியேன். திருப்பம் தந்தது ஐந்தாம் மதம். இருவரின் மாறுபாட்டில் ஒன்றைத் துணிய வேண்டுமெனில் இருவர் பதிவையும் படித்தாக வேண்டும். மாறுபாடு எங்குள்ளது எனக் காண வேண்டும். ஒவ்வொரு நூற்பாவுக்கும் ஒருவரேனும் இவ்வடையாளத்தில் எழுத வேண்டும் என்னும் ஒரே விதி, மன்றத்தை மாற்றியது.

ஒரே விதி என்பதை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. ஊக்கத்தில் மேலும் விதிகளைச் சேர்த்தேன்: கருத்துக்கு ஒரு கட்டம், சான்றுக்கு ஒரு கட்டம், மறுப்புக்கு ஒரு கட்டம். பதிவுகள் நிரப்பப்பட்ட விண்ணப்பப் படிவங்களாயின. பியர் தில்லன்பூர்க் 2002இல் எழுதிய கட்டுரையில், கூட்டுக் கற்றலை அளவுமீறி வரையறுப்பதன் கேட்டினை எச்சரித்திருந்தார். அவரே விளக்கும் ஆர்கியூகிராஃப் முறையில் விதிகள் இல்லாமலில்லை. மாணவர் தனித்தனியே விடையளிக்க, மிக மாறுபட்டு நிற்கும் இருவரை அமைப்பு இணையாக்குகிறது. இருவரும் சேர்ந்து அதே வினாக்களுக்கு ஒரே விடை காண வேண்டும். விதி அவர்களை எதிரெதிரே அமர்த்துகிறது. என்ன பேச வேண்டும் என்பதை அவர்களிடம் விட்டுவிடுகிறது. என் கட்டங்களோ பேச்சுக்குள்ளேயே நுழைந்துவிட்டன. அடுத்த பருவத்தில் அவற்றை நீக்கினேன்.

துறைகளுக்கிடையே

தமிழகத்திற்கு வெளியே திருவனந்தபுரம், பெங்களூர், தில்லி, அலிகார் முதலிய இடங்களில் பல்கலைக்கழக அளவில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. என் வகுப்பைப் போலவே நான்கைந்து பேர் கொண்ட வகுப்பில் நன்னூலின் இரண்டாம் காற்கூற்றுக்கே, அதாவது உடன் பயில்வோர்க்கே, பஞ்சம். உரைகள் ஐந்து, மாணவர் நால்வர். ஒருவர் விடுப்பெடுத்தால் ஓர் உரை மௌனமாகிறது. விரிவுரைகளை இணையத்தில் ஏற்றுவதால் இப்பஞ்சம் தீராது. மாணவர் பெறுவது மற்றுமொரு முதற் காற்கூறே. ஓரூர் மாணவர் இளம்பூரணரையும் வேறூர் மாணவர் சேனாவரையரையும் கொண்டு ஒரே மன்றத்தில் எழுதுவராயின், முகமறியாதவர்க்கு விளக்க வேண்டிய உண்மையான தேவை எழும். இதற்கு வேண்டிய மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. தமிழ்த் தட்டச்சும் இன்று தடையன்று.

தடை வேறிடத்தில் உள்ளது. இரு துறைகளின் பாடத்திட்டத்தில் சொல்லதிகாரம் ஒரே பருவத்தில் அமைவதில்லை. அமைந்தாலும் அகமதிப்பெண் தனியொருவர்க்கே வழங்கப்படும். நால்வரும் சேர்ந்து எழுதிய கிளவியாக்கக் குறிப்பு ஒன்று இப்போது முப்பது பக்கம் வளர்ந்துள்ளது. எந்த வரி எவருடையது எனத் தளத்தின் பதிவேடு காட்டும். அதனை எண்ணி மதிப்பெண் இடுமாறு எனக்கு அறிவுறுத்தப்பட்டது. எண்ணிப் பார்த்ததில், மிகுதியாக எழுதியவர் முதற் பதிவில் வழிமொழிந்து ஒதுங்கியவர். மிகக் குறைவாக எழுதியவர், உரையாசிரியர் அப்படிக் கூறினாரா என்னும் அந்த ஒரு வினாவைக் கேட்டவர். நால்வர்க்கும் ஒரே மதிப்பெண் இட்டு அனுப்பினேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துள்ளது.