வாடகை வீடும் தமிழ்ப் புனைவும்

'வீடு' என்னும் தமிழ்ச்சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. பற்றுகளை விட்டு அடையும் பேற்றையும் முன்னோர் அச்சொல்லாலேயே குறித்தனர். தொழிலை விட்டு வந்து தங்குமிடம் ஆதலின் இல்லமும் வீடாயிற்று என விளக்குவாரும் உளர். வாடகைக்குக் குடியிருப்போர் இவ்வேர்ச்சொல்லுக்கு மற்றொரு பொருளையும் அறிவர். அவர்களுக்கு வீடு என்பது என்றேனும் ஒருநாள் விட்டுச் செல்ல வேண்டியதே.

ஆண்டுக்கு ஒருமுறை, ஈராண்டுக்கு ஒருமுறை என அடுக்குமாடிக்கு அடுக்குமாடி பெயர்ந்துகொண்டேயிருக்கும் வாழ்க்கை மலேசிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழகிப்போன ஒன்று. இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கட்டுதல், மின்சாரத்துக்கும் நீருக்கும் தனியே ஒரு தொகை வைத்தல், லாரி பேசுதல், அடையாள அட்டையில் முகவரி மாற்றுதல், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி தேடுதல் என இதன் சடங்குகள் நீளும். இத்துணை விரிந்த ஓர் அனுபவம் நம் புனைவிலக்கியத்தில் பெற்றுள்ள இடமோ மிகச் சிறிது.

பழந்தமிழ் இலக்கியம் இப்பொருளை அறியாததன்று. புகாரில் மனையறம் நடத்தத் தனிமனை பெற்ற கண்ணகி, மதுரையில் ஆயர்குல மாதரியின் பொறுப்பில் ஒரு சிறுமனையில் தங்குகிறாள். அங்கே அவள் சமைப்பதை இளங்கோவடிகள் விரைந்து கூறிச் செல்லவில்லை. மாதரியின் மகள் ஐயை தீ மூட்ட உதவுகிறாள், காய் அரிந்த விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவக்கிறது. பிறர் மனையில், பழகாத அடுப்பின் முன் நிற்கும் பெண்ணொருத்தியின் உடல்வருத்தம் இவ்வளவு நுட்பமாகச் சொல்லப்பட்ட இடம் தமிழில் அரிது. மாணாக்கருக்கு இக்காதையைக் கற்பிக்கும்போது அடுத்து வரவிருக்கும் கொலையை நோக்கியே பாடம் ஓடிவிடுவதால், இவ்வடுப்படி கவனம் பெறுவதில்லை.

மாதரி வாங்கியது வாடகை அன்று, அடைக்கலம். கவுந்தியடிகள் ஒப்படைத்த அடைக்கலத்தைக் காக்க இயலாது போயிற்றே என்று அவள் தீப்புகுந்து மாண்டாள். இன்றைய வீட்டுக்காரரிடம் இதனை எதிர்பார்ப்பார் இலர், எதிர்பார்ப்பதும் முறையன்று. இங்குக் கருதத்தக்கது வேறு. அடைக்கலத்தில் இரு திறத்தாரும் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டிருந்தனர். ஒப்பந்தத்திலோ அக்கடமை முடியும் நாள் முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்த நாளை மனத்தில் வைத்துக்கொண்டே வாழ்வதுதான் வாடகை வாழ்வின் அழுத்தம்.

தமிழகத்து எழுத்தில் அசோகமித்திரன் இவ்வழுத்தத்தின் ஒரு கூற்றைத் தொட்டவர். 'தண்ணீர்' நாவலின் ஜமுனா வாடகைக் குடித்தனத்தில் வாழ்பவள். குடத்தோடு அலையும் அவள் துயரைச் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சமாக மட்டும் படித்துவிடலாம். ஆயினும், தனதென்று ஒரு குழாயும் இல்லாதவளின் துயர் அதனுள் கலந்தே கிடக்கிறது. 1988இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'வீடு' திரைப்படம் இன்னும் நேராகவே பேசுகிறது. குடியிருக்கும் இடத்தைக் காலி செய்ய வேண்டிய நிலை, வேறு வீடு தேடி அலையும் நாள்கள், கேட்கப்படும் முன்பணத்தின் கனம் ஆகியவையே சுதாவைச் சொந்த வீடு கட்டும் முடிவுக்குத் தள்ளுகின்றன. படத்தின் பெரும்பகுதி கட்டும் துன்பத்தைச் சொல்லினும், அத்துன்பத்துக்கு வித்து வாடகை வீட்டிலேயே விழுந்துவிட்டது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்பாளர் இடப்பெயர்வைப் பாடாதவர் அல்லர். தோட்டத் துண்டாடலால் லயத்து வீடுகளை இழந்தோரின் கண்ணீர் நம் கதைகளில் நிறையவே உண்டு. அத்துண்டாடலை எதிர்கொள்ளவே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது என்னும் வரலாற்றைத் தமிழாசிரியர் அறிவர். சிங்கப்பூரில் அதே 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தபின் எழுந்த அடுக்குமாடி வாழ்வை, பி. கிருஷ்ணன் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' என்னும் வானொலி நாடகத் தொடரில் நகைச்சுவையாக்கினார். ஆனால் மலேசியாவில் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 தொடக்கத்தில் பழைய கட்டடங்களின் வாடகை கட்டவிழ்ந்தபோது, பினாங்கு ஜார்ஜ் டவுனில் பல்லாண்டு குடியிருந்தோர் பலர் வெளியேற நேர்ந்தது. அந்நிகழ்ச்சி துண்டாடலைப் போல நம் கதைகளில் வேரூன்றவில்லை.

இதற்குக் காரணம் எழுத்தாளரின் அக்கறையின்மை என்று கூறிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. சிறுகதை ஓர் உச்சத்தை வேண்டுவது. தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு அப்படியொரு நாள் உண்டு. லாரி வரும், கோயில் மணி ஒலிக்கும், கிழவி ஒருத்தி மண்ணை எடுத்து முந்தானையில் முடிவாள். வாடகை வீடு மாறுவோருக்கு அத்தகைய நாள் இல்லை. ஐந்தாம் பெயர்வு நான்காம் பெயர்வைப் போன்றே இருக்கும். எதுவும் இடிந்து விழுவதில்லை; எவரும் அழுவதில்லை. சோர்வு மட்டும் கூடிக்கொண்டே போகும். இவ்வாறு திரும்பத் திரும்ப நிகழும் சிறு தேய்மானத்தைச் சொல்லத் தெரியாத கதாசிரியர், உச்சம் தேடிக் கொடிய வீட்டுக்காரர் ஒருவரைப் படைத்துவிடுகிறார். வீட்டுக்காரர்களுள் வங்கிக் கடனுக்குத் தவணை கட்டுவோரும், வாடகையை நம்பியே மருந்து வாங்கும் முதியோரும் உளர் என்பது அக்கதைகளில் மறைந்துபோகிறது.

பால் காய்ச்சும் சடங்கு ஒன்றே நல்ல கதைக்குப் போதுமானது. புதுமனை புகும்போது பால் பொங்கினால் மங்கலம். சொந்த வீட்டுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை நிகழ்வது. வாடகைக் குடும்பத் தலைவியோ ஒவ்வொரு முறையும் அதே பாத்திரத்தைத் தேடி எடுக்கிறாள். முதல் வீட்டில் உறவினர் சூழ்ந்திருப்பர்; மூன்றாம் வீட்டில் கணவனும் பிள்ளைகளும் மட்டும்; ஐந்தாம் வீட்டில் லாரிக்காரர் காத்திருக்க, அவசரமாக ஒரு கொதி. பால் அன்றும் பொங்கத்தான் செய்யும். அவள் முகத்தில் என்ன நிகழ்கிறது என்பதை எழுத வேண்டியவர் எழுத்தாளர். சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லாததால் தரையிலேயே சாய்ந்து நிற்கும் சாமிப் படம், அடுத்த பெயர்வை எண்ணிப் பிரிக்கப்படாமலே கட்டிலடியில் கிடக்கும் புத்தகப் பெட்டி ஆகியவையும் அத்தகையனவே.

பிள்ளைகளை இப்பொருள் எவ்வாறு தாக்குகிறது என்பது வகுப்பறையில் வெளிப்படும். ஆண்டின் நடுவில் வந்து சேரும் மாணவன் பாடநூலில் வேறொரு பக்கத்தில் இருப்பான். தோழர் அமைவதற்குள் மீண்டும் மாறிச் செல்வான். அவனிடம் 'என் வீடு' என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தால் அவன் எழுதுவது என்ன? மாதிரிக் கட்டுரை நூல்களில் உள்ளவாறே, தன் வீட்டைச் சுற்றி வேலி உண்டென்றும், முற்றத்தில் மாமரம் நிற்கிறதென்றும், மாலையில் தந்தை அதன் நிழலில் நாளிதழ் படிப்பாரென்றும் பிழையின்றி எழுதுவான். மூன்றாம் மாடியில், சென்ற மாதம் குடிவந்த வீட்டில் அமர்ந்து எழுதப்பட்ட அம்மாமரத்துக்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும்.